சாவு வீட்டு வாசலில் நின்ற வேன்

அயர்லாந்தின் டோனிகால் கரையில் மீன் ஆலையை மூடிய வருடம் வேலை இழந்தவர்களில் ப்ரோனா டூகனும் ஒருத்தி. பள்ளிக்கூடம் முடித்த நாளிலிருந்து கானாங்கெளுத்தியைப் பெட்டியில் அடுக்கியவள் அவள். கூட வேலை செய்தவர்கள் டப்ளினுக்கும் கிளாஸ்கோவுக்கும் கிளம்பிப்போனார்கள். ப்ரோனா வீட்டுக் கொல்லைக்குப் போனாள். அங்கே அவளுடைய அப்பா பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய வேன் சக்கரம் இறங்கிக் கிடந்தது. கோழிகள் அதற்குள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன.

"இத வச்சு என்ன பண்ணப்போற?" என்று கேட்டான் அவள் புருஷன் மேனஸ். அவனுக்கு மீன்பிடிப் படகில் வேலை. வீட்டில் இருக்கும் நாட்களில் பேச்சு குறைவு.

"வெளியூர்க்காரங்கள ஏத்திட்டுப் போய் ஊரக் காட்டப்போறேன்."

"இந்த ஊர்ல காட்ட என்ன இருக்கு? மழதான் இருக்கு."

"அப்ப மழையக் காட்டுறேன்."

அவள் விளையாட்டாகச் சொன்னதுதான் பலித்தது. முதல் கோடையிலேயே ஒன்றைக் கண்டுகொண்டாள். கடலுக்கு மேல் செங்குத்தாக நிற்கும் மலை முகடுகளைப் பார்க்கத்தான் எல்லோரும் பணம் கட்டி வருகிறார்கள். ஆனால் பத்து நிமிஷம் படம் எடுத்ததும் அவர்களுக்குச் சலித்துவிடுகிறது. திரும்பும் வழியில் வீடுகளின் ஜன்னல்களைத்தான் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். உள்ளே யார் இருக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், அடுப்பில் என்ன எரிகிறது என்று தெரிந்துகொள்ள அவ்வளவு ஆசை. அடுத்த வருடம் ப்ரோனா தன் பயணத்துக்கு 'உள்ளே வாங்க' என்று பெயர் வைத்தாள். வந்தவர்களைச் சித்தப்பா மகனோடு சேர்ந்து சதுப்பு நிலத்தில் அடுப்பெரிக்கும் கரிமண் வெட்ட விட்டாள். அம்மா ரோஸின் சமையலறையில் உட்கார வைத்து, உருளைக்கிழங்கும் புகை போட்ட மீனும் கொடுத்தாள். அம்மா அவர்களிடம் அவர்கள் சம்பளத்தையும் கல்யாணத்தையும் பற்றிக் கூச்சமில்லாமல் விசாரிப்பாள். அதுவே அவர்களுக்குப் பெரிய விருந்து.

ப்ரோனாவுக்கு அந்த வேலை பிடித்துப்போனது. மீனோடு பேச முடியாது, மனிதர்களோடு பேசலாம். காலப்போக்கில் அவளுக்கே தெரியாமல் அவளுக்கு இன்னொரு குரல் வந்து சேர்ந்தது. வேனில் ஏறியதும் அது வரும். கொஞ்சம் தாழ்ந்த, நிதானமான, ஒவ்வொரு சொல்லையும் தட்டில் எடுத்து வைப்பது போன்ற குரல். 'எங்கள் பக்கத்து வழக்கம் என்னவென்றால்' என்று தொடங்கும் குரல்.

"இன்னிக்கு யாரோட குரல்ல பேசுற?" என்று மேனஸ் சாப்பாட்டு மேசையில் கேலி செய்வான். அவள் சிரிப்பாள்.

*

ஹ்யூடி பெரி செத்தது ஒரு செப்டம்பரில்.

அன்றைக்குக் காலையிலிருந்தே மூடுபனி. வேனில் ஆறு பேர். மலை முகட்டின் அடியில் அரை மணி நேரம் நிறுத்திப் பார்த்தாள், வெள்ளைச் சுவர் மாதிரி பனி நின்றது, கடலின் சத்தம்தான் வந்தது. சித்தப்பா மகன் ஊரில் இல்லை. அம்மாவோ கோழிக்கூண்டுப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு லெட்டர்கென்னி மருத்துவமனையில் கிடந்தாள். காட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் ப்ரோனா வேனை ஓட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் இருந்தவர்கள் மரியாதையாக அமைதி காத்தார்கள். அவர்கள் குறை சொல்லியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பாலத்தைத் தாண்டியதும் சாலையோரம் நீளமாகக் கார்கள் நின்றன. வேலிக் கம்பத்தில் கறுப்பு எழுத்தில் ஒரு பலகை: சாவு வீடு, மெதுவாகச் செல்லவும்.

"என்ன இது? திருவிழாவா?" என்று கேட்டாள் ஹைட்ரூன். ஜெர்மனியிலிருந்து வந்தவள், ஓய்வு பெற்ற ஆசிரியை, வேனில் முன் இருக்கைக்காரி.

"இல்ல, ஹ்யூடி பெரின்னு ஒருத்தர் தவறிட்டார். தொண்ணூறு வயசு. பெட்டியில வச்சிருப்பாங்க, ஊரே வந்து பார்க்கும்."

"அழைப்பு இல்லாம போகலாமா?"

"சாவுக்கு யாரு அழைப்பாங்க? யாரு வேணா போகலாம். இங்க சாவு வீட்டு வாசல்ல யாரையும் நிறுத்த மாட்டாங்க. பகையாளியாவே இருந்தாலும் டீ கொடுத்துத்தான் அனுப்புவாங்க."

"யாரு வேணான்னா..." ஹைட்ரூன் தயங்கினாள். "எங்கள மாதிரி ஆளுங்களுமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ப்ரோனா அப்போதுதான் பெருமையாக 'யாரு வேணா' என்று சொல்லி முடித்திருந்தாள். அது பொய்யுமில்லை. ஹ்யூடி வெளியூர்க்காரர்களைப் பார்த்தால் விடாதவர். மழையில் நனைந்து வந்த சைக்கிள்காரர்களை வீட்டுக்குள் இழுத்து உட்கார வைத்து உளுத்துப்போன கதைகளைச் சொல்லுவார். அவருக்குப் பிடிக்கும் என்று நினைத்தாள். எப்படியும் சாயங்காலம் நானே வரவேண்டிய வீடுதானே என்றும் நினைத்தாள். இப்படி ஒன்றன்பின் ஒன்றாக நினைத்துக்கொண்டே வேனை ஓரம் கட்டிவிட்டாள்.

இறங்குவதற்கு முன் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். வரிசையில் போக வேண்டும். பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பவர்களின் கையைப் பிடித்து, 'உங்க துயரத்துல பங்கெடுத்துக்கறோம்' என்று சொல்ல வேண்டும், வேறு எதுவும் வேண்டாம். டீ கொடுத்தால் மறுக்கக் கூடாது. படம் எடுக்கவே கூடாது. ஆறு பேரும் அந்த வாசகத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள், தேர்வு எழுதப்போகும் பிள்ளைகள் மாதிரி.

வாசலில் கோண்டி நின்றிருந்தார். சுற்றுவட்டாரத்தில் எல்லாச் சாவுக்கும் பெட்டி செய்து, எடுத்து அடக்கம் வரைக்கும் பார்ப்பவர் அவர்தான். ப்ரோனாவைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் வண்ண வண்ண மழைச் சட்டைகளில் நின்ற ஆறு பேரையும் பார்த்தார். அவர் புருவம் அசைந்ததாக அவளுக்குத் தோன்றியது. ஆனால் அவர் கதவை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்து, "வாங்க, வாங்க, நனையாதீங்க" என்றார்.

உள்ளே பெட்டியின் தலைமாட்டில் யூனிஸ் நின்றிருந்தாள். ஹ்யூடியின் மகள். ப்ரோனாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ப்ரோனா அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு நகர்ந்து வழிவிட்டாள். ஆறு கைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டன. 'உங்க துயரத்துல பங்கெடுத்துக்கறோம்.' ஆறு விதமான உச்சரிப்பில் அதே வாசகம். யூனிஸ் ஒவ்வொருவர் கையையும் பிடித்து, "நன்றி, வந்ததுக்கு நன்றி" என்றாள்.

ஹைட்ரூன் பெட்டியைப் பார்த்தபடி மெல்லக் கேட்டாள். "அந்தக் கடிகாரம் ஏன் நிக்குது?"

ப்ரோனா வாய் திறந்தாள். அந்தக் குரல் வந்தது. எங்கள் பக்கத்து வழக்கம் என்னவென்றால், உயிர் பிரிந்த நேரத்தில் கடிகாரத்தை நிறுத்திவிடுவார்கள். கண்ணாடியைத் துணியால் மூடுவார்கள். ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்துப் பிறகு சாத்துவார்கள், உயிர் போக வழி வேண்டுமில்லையா. அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். அறை முழுவதும் கேட்டது. தாழ்ந்த குரல்தான், ஆனால் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டிருந்தார்கள். யூனிஸ் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கைகளைக் கட்டி, நேராக நின்றாள்.

சமையலறையில் பிட்டி கோல் ரொட்டித் தட்டோடு வந்தாள். ஊரில் நாக்கு நீளமானவள், அன்றைக்கு ஒரு குத்தல் சொல்கூடச் சொல்லவில்லை. "சாப்பிடுங்க, சாப்பிடுங்க, எவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆறு பேரும் உட்கார்ந்தார்கள். சர்ச் மண்டபத்திலிருந்து கொண்டுவந்த நாற்காலிகள் அவை. உட்கார்ந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் எழுந்து அடுத்தவர்களுக்கு இடம் விட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது, ப்ரோனாவும் சொல்லிக்கொடுக்க மறந்திருந்தாள். ஜன்னல் வழியாக அவள் பார்த்தாள். ஹ்யூடியின் வயதுக்காரர்கள் இருவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கூரை விளிம்புக்குக் கீழே சாரலில் நின்றுகொண்டிருந்தார்கள், உள்ளே இடம் காலியாகட்டும் என்று.

கிளம்பும்போது யூனிஸிடம் எதையாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் வாசலில் யூனிஸ் முந்திக்கொண்டாள்.

"வந்ததுக்கு நன்றி ப்ரோனா."

ஆறு பேரிடமும் சொன்ன அதே சொற்கள், அதே குரலில்.

வேனில் ஹைட்ரூன் அழுதாள். இந்தப் பயணத்திலேயே மறக்க முடியாத நாள் இது என்றார்கள் எல்லோரும். பின்சீட்டில் இருந்தவர் எட்டி ப்ரோனாவின் தோளைத் தட்டினார். ப்ரோனாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் பிற்பாடு நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு மிகவும் கூசியது.

*

ஹைட்ரூன் நல்ல மனதோடு எழுதியதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. பயணிகள் கருத்து எழுதும் இணையப் பக்கத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தாள். "உண்மையான அயர்லாந்தைப் பார்க்க வேண்டுமானால் ப்ரோனாவின் வேனில் ஏறுங்கள். எங்களை ஒரு சாவு வீட்டுக்கே அழைத்துப்போனாள். மக்கள் அன்பானவர்கள். ரொட்டி அருமை. இறந்தவர் மிகவும் அமைதியாகத் தெரிந்தார்."

ப்ரோனா அதைப் படிப்பதற்கு முன்பே ஊர் படித்துவிட்டிருந்தது.

அடுத்த வாரம் அமெரிக்காவிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் எழுதியிருந்தார்கள். அக்டோபரில் வருகிறோம், அந்த வாரத்தில் ஏதாவது சாவு இருக்குமா, தேதியைக் கொஞ்சம் முன்பின் மாற்றிக்கொள்ளவும் எங்களுக்குச் சம்மதம். அதைப் படித்துவிட்டு ப்ரோனா கணினியைச் சாத்தி, மேலே ஒரு தலையணையை வைத்தாள். யாரோ உள்ளே இருந்து எட்டிப் பார்ப்பது போல இருந்தது.

கடையில் பிட்டி கோல் பிடித்துக்கொண்டாள். இப்போது அவள் நாக்கு திரும்பிவிட்டிருந்தது.

"இன்னிக்கு யாரும் சாகலடி ப்ரோனா. வேன வேற பக்கம் திருப்பு."

"அய்யோ பிட்டி, விடேன்."

"எனக்கு முட்டி வலி ஜாஸ்தியா இருக்கு, ஏப்ரல் தாங்காதுங்கறாங்க. முன்பதிவு ஆரம்பிச்சுடு. நான் கறுப்பு உடுப்புல கொஞ்சம் ஒல்லியாத் தெரிவேன், படத்துக்கு நல்லா இருக்கும்."

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். ப்ரோனாவும் சிரித்தாள். ஊர் சிரித்தால் ஊர் இன்னும் உன்னைத் தன் ஆளாக வைத்திருக்கிறது என்று அர்த்தம், அது அவளுக்குத் தெரியும். ஆனால் ரொட்டி அலமாரிக்குப் பக்கத்தில் யூனிஸ் நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. முறைக்கவும் இல்லை. பையில் ரொட்டியைப் போட்டுக்கொண்டு ப்ரோனாவைத் தாண்டும்போது, "சாயங்காலம் காத்து அடிக்கும்போல" என்றாள்.

ப்ரோனாவுக்குக் காது மடல்கள் சுட்டன. அந்த ஊரில் வானிலையை வெளியூர்க்காரர்களிடம்தான் பேசுவார்கள்.

அதன் பிறகு அவள் 'உள்ளே வாங்க' பயணத்தை நிறுத்திவிட்டாள். பருவம் முடிந்துவிட்டது என்று கேட்டவர்களிடம் சொன்னாள். யூனிஸ் வீட்டு கேட் வரைக்கும் நாலைந்து தடவை போனாள். ஒரு தடவை கேட்டின் கொக்கியில் கைகூட வைத்துவிட்டாள். ஆனால் அவள் ஒன்றும் சொல்லவில்லையே, சொல்லாததற்கு நான் எதைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று திரும்பி வந்தாள். அது சாக்கு என்பதும் அவளுக்குத் தெரியும்.

மருத்துவமனையில் அம்மாவுக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. பிட்டி கோல் திராட்சையோடு போய்ப் பார்த்திருந்தாள்.

"என்னடி, ஹ்யூடி சாவுக்கு ஆறு பேரக் கூட்டிட்டுப் போனியாமே?" என்றாள் ரோஸ், தலையணையில் சாய்ந்தபடி. "என்னை மட்டும் இங்க படுக்கப் போட்டுட்டீங்க."

"அம்மா, நானே நொந்துபோயிருக்கேன்."

"யூனிஸ்கிட்ட போனியா?"

"போறேன்."

"எப்ப? அவ சாவுக்கா?"

பக்கத்தில் மருந்து கலந்துகொண்டிருந்த நர்ஸ் மரிவிக் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவள், ரோஸுக்குச் செல்லம். ரோஸ் அவள் பக்கம் திரும்பினாள்.

"நீயும் கேட்டுக்க கண்ணு. எங்க ஊர்ல ஒரு சாவு நான் விட்டதில்ல. பிட்டியோட சொந்தக்காரி மேரி கோல் செத்தப்ப காரு வரிசை பாலம் வரைக்கும் நின்னுச்சு. அவ குணத்துக்கு அதுவே ஜாஸ்தி. எனக்குப் பாலம் தாண்டணும். நீயும் வரணும்."

"நீங்க முதல்ல எழுந்து நடங்க ரோஸ்."

"நடக்கறேன், நடக்கறேன். அதுக்கப்புறம் சொல்றேன்."

அவள் நடக்கவில்லை. குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டியது. வீட்டுக்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டார்கள். பிப்ரவரியில் ஒரு விடியற்காலை, ப்ரோனா தண்ணீர் எடுத்துவரப் போன நேரத்தில் அவள் போய்விட்டாள். ப்ரோனா தம்ளரை வைத்துவிட்டுக் கடிகாரத்தின் ஊசலைக் கையால் பிடித்து நிறுத்தினாள். அப்போது அவளுக்கு அழுகை வரவில்லை.

*

கோண்டி காலையிலேயே வந்து எல்லாவற்றையும் செய்து முடித்தார். பெட்டியைக் கூடத்தில் வைத்தார். பிறகு சமையலறையில் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வானொலியில அறிவிப்புக் கொடுக்கணும் கண்ணு. வீடு எத்தன மணியிலேர்ந்து திறந்திருக்கும்?"

ப்ரோனா மேசையைப் பார்த்தாள். இந்தக் கேள்விக்காக அவள் நாள்கணக்காக உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தாள். ஊர் வராமல் போய்விடுமோ என்ற பயம் இல்லை. வரும். கட்டாயம் வரும். வரிசையில் வந்து, கையைப் பிடித்து, அதே வாசகத்தைச் சொல்லும். யூனிஸ் வருவாள். ஆறு அந்நியர்களைப் பார்த்த அதே கண்ணால் பார்ப்பாள். தன் அம்மா கிடக்கும் அறையில், அந்தக் கண்ணுக்கு முன்னால் தான் நிற்க வேண்டும்.

"குடும்பத்தாருக்கு மட்டும்னு போட்டுடுங்க" என்றாள்.

கோண்டி நிமிர்ந்து பார்த்தார். "ரோஸுக்கா?"

"ஆமா."

அவர் மேனஸைப் பார்த்தார். மேனஸ் ஜன்னலைப் பார்த்தான். கோண்டி தொப்பியைப் போட்டுக்கொண்டு, "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சித்தப்பா மகன் வெளியூரில் இருந்தான், வீட்டில் குடும்பம் என்றால் அவர்கள் இருவர்தான். காலை அறிவிப்பு போன பிறகு வீடு அப்படியே உறைந்தது. சர்ச் மண்டபத்து நாற்காலிகள் வரவில்லை. பெரிய டீ கெட்டில் வரவில்லை. ரொட்டி வெட்ட யாரும் வரவில்லை. சாலையில் கார்கள் வந்தன, வீட்டுக்கு முன்னால் வேகம் குறைந்தன, உள்ளே இருப்பவர்கள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வது தெரிந்தது, மறுபடி வேகம் பிடித்துப் போயின. ப்ரோனா டீ போட்டாள். மூன்று கோப்பை எடுத்து வைத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

மேனஸ் அன்றைக்குத்தான் நீளமாகப் பேசினான்.

"உங்கம்மா வாழ்நாள் பூரா மத்தவங்க வீட்டுல ரொட்டி வெட்டினா. தட்டு கழுவினா. யாரு வந்தா, எத்தன காருன்னு வந்து எங்கிட்ட சொல்லுவா. அவளுக்குன்னு ஒரு நாள் வந்தது. அதுல ஆளே இல்ல. அவ செஞ்ச தப்பு என்ன?"

"நான் அவங்க முகத்துல எப்படி முழிப்பேன் மேனஸ்?"

"அது உன் கஷ்டம். இது அவ சாவு."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. ப்ரோனா கூடத்துக்குப் போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். அம்மாவுக்கு நல்ல நீல உடுப்புப் போட்டிருந்தார்கள். சர்ச்சுக்கு மட்டும் போடுவது. ஊர் பார்க்கட்டும் என்று அவளே எடுத்து வைத்திருந்தது. தலைமாட்டில் மெழுகுவர்த்திகள் எரிந்தன. பார்க்க யாருமில்லை. அம்மா ஏதோ கேட்க வாயெடுத்து நிறுத்தியது போலிருந்தது. 'எப்ப? அவ சாவுக்கா?'

ப்ரோனா மழைச் சட்டைகூடப் போடாமல் வெளியே வந்து நடந்தாள்.

*

இந்தத் தடவை கேட்டில் நிற்கவில்லை. கதவைத் தட்டினாள். யூனிஸ் திறந்தாள். கையில் மாவு. அடுப்பில் ரொட்டி வேகும் வாசனை. மேசையில் ஏற்கனவே இரண்டு ரொட்டிகள் துணி மூடி இருந்தன. அவை யாருக்கு என்பது ப்ரோனாவுக்குப் புரிந்தது. வீடு அடைத்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகும் சுட்டிருக்கிறாள்.

"நனைஞ்சுட்டே" என்றாள் யூனிஸ். "உங்கம்மா விஷயம் கேட்டேன். உன் துயரத்துல..."

"அதைச் சொல்லாத." ப்ரோனாவுக்கு மூச்சு வாங்கியது. "அந்த வாசகத்தச் சொல்லாத யூனிஸ். முதல்ல நான் சொல்றேன். அன்னிக்கு உங்க அப்பா கிடந்த வீட்டுக்குள்ள நான் ஆறு பேரக் கூட்டிட்டு வந்தேன். வந்திருக்கக் கூடாது. பனி மூடிடுச்சு, காட்ட ஒண்ணுமில்ல, அதான்... உங்க அப்பாவக் காட்டினேன். மன்னிச்சுடு."

யூனிஸ் மாவுக் கையை ஏப்ரனில் துடைத்தாள். நிதானமாக, ஒவ்வொரு விரலாக.

"அந்த ஆறு பேரப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள். "எங்கப்பா ஜெர்மன்காரி கிடைச்சா எழுந்து உட்கார்ந்து பேசியிருப்பாரு. அந்தம்மா பிற்பாடு எனக்கு ஒரு அட்டை அனுப்பினா, தெரியுமா? நல்ல மனுஷி."

"பின்ன?"

"நீதான்டி." குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "நீ உள்ள வந்து என்னக் கட்டிக்கிட்ட. அப்பாடா, ப்ரோனா வந்துட்டான்னு நினைச்சேன். காலைலேர்ந்து எல்லாருக்கும் நன்றி சொல்லிச் சொல்லி, உன்னப் பார்த்தப்பறம்தான் எனக்கு அழுகை முட்டிட்டு வந்துச்சு. அப்ப நீ அந்தக் குரல்ல பேச ஆரம்பிச்ச. எங்கள் பக்கத்து வழக்கம். கடிகாரம். கண்ணாடி. ஜன்னல். அந்தக் கடிகாரத்த நான் என் கையால நிறுத்தினேன். நீ அத மியூசியத்துல இருக்கற மாதிரிச் சொல்ற. நான் அழறத நிறுத்திட்டு உன் பேச்சக் கேட்டுட்டு நின்னேன். எங்கப்பா பக்கத்துல, ஒரு பொம்மை மாதிரி. நீ பேசி முடிக்கறவரைக்கும் அழக்கூடாதுன்னு தோணுச்சு எனக்கு. இதுக்கு என்ன பண்ணுவ?"

இத்தனை மாதமாக ப்ரோனா வேனை நினைத்து வெட்கப்பட்டாள், ஐந்து நட்சத்திரத்தை நினைத்து வெட்கப்பட்டாள், சாரலில் நின்ற கிழவர்களை நினைத்து வெட்கப்பட்டாள். தன் குரலை ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. நன்றாகத்தான் பேசினோம் என்றே உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தாள்.

"தெரியல" என்றாள். "எனக்குத் தெரியவே தெரியாது யூனிஸ்."

"அதுதான்."

அடுப்பில் ரொட்டி தீயும் வாசனை வந்தது. யூனிஸ் திரும்பி அடுப்புக் கதவைத் திறந்து, "சனியனே" என்று ரொட்டியைத் திட்டி வெளியே எடுத்தாள். அடிப்பக்கம் கறுத்திருந்தது.

"உங்கம்மா வீட்டக் குடும்பத்தாருக்கு மட்டும்னு யாரு போடச் சொன்னது?"

"நான்தான்."

"எங்களப் பார்க்கப் பயந்துக்கிட்டா?"

"ஆமா."

"உங்கம்மா கேட்டா வெளக்குமாத்த எடுப்பா." யூனிஸ் கத்தியால் கறுத்த அடியைச் சுரண்டினாள். "போய் கோண்டிக்கு போன் பண்ணு. மதிய அறிவிப்புல மாத்திச் சொல்லலாம். நான் வர்றேன். ரோஸுக்காக வர்றேன் ப்ரோனா. அத வேற எதுக்காகவும்னு எடுத்துக்காத."

"எடுத்துக்கல."

*

மூன்று மணிக்கெல்லாம் நாற்காலிகள் வந்துவிட்டன. அறிவிப்பு வருவதற்கு முன்பே கோண்டி மண்டபத்தில் அவற்றை வண்டியில் ஏற்றி வைத்திருந்தாராம். யூனிஸ் மூன்று ரொட்டிகளோடு வந்தாள். பெட்டிக்கு முன்னால் நின்று ஜெபித்தாள், ப்ரோனாவின் கையைப் பிடித்து எல்லோரும் சொல்லும் வாசகத்தைச் சொன்னாள், முகத்தைப் பார்க்காமல் சமையலறைக்குப் போய் ஏப்ரன் கட்டிக்கொண்டாள்.

அப்புறம் ஊர் வந்தது. கை மாற்றிக் கை. ப்ரோனா ஒவ்வொரு கையையும் பிடித்தாள். முகங்களை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கைகளையே பார்த்தாள். வலை இழுத்த கை, பால் கறந்த கை, ஆலையில் கூட நின்று மீன் அடுக்கிய கை. ஹ்யூடி சாவன்று சாரலில் நின்ற கிழவர் இருவரும் வந்தார்கள். அவள் இரண்டு நாற்காலிகளைத் தானே இழுத்துப் போட்டாள். அவர்கள் உட்காரும்வரை நின்றாள்.

பொழுது சாயும் நேரத்தில் மரிவிக் வந்தாள், மருத்துவமனை உடுப்பின் மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு. ரோஸின் முகத்தை வெகு நேரம் பார்த்தாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள். "அந்தக் கடிகாரம் ஏன் நிக்குது?" என்று கேட்டாள், சத்தமில்லாமல்.

அறையில் பேச்சு நின்றது. பிட்டி கோல் தன் கோப்பைக்குள் பார்த்தாள். கூடத்து வாசலில் டீ கெட்டிலோடு யூனிஸ் நின்றிருந்தாள்.

ப்ரோனாவுக்கு அந்த வாக்கியம் முழுதாகத் தெரியும். முதல் சொல் தொண்டை வரை வந்தது. அவள் ஊசலைப் பார்த்தாள். காலையில் அதைப் பிடித்த கை குளிர்ந்துபோயிருந்தது.

"அம்மா அப்பத்தான்..." என்றாள். "நான் தண்ணி எடுக்கப் போயிருந்தேன்..."

அதற்கு மேல் வரவில்லை. அழுகைதான் வந்தது, விக்கி விக்கி, சத்தமாக, எல்லோருக்கும் முன்னால். முகத்தை மூடிக்கொள்ளக் கை போனது. அன்றைக்கு அவள் பேச்சைக் கேட்டு யூனிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக நின்றது ஞாபகம் வந்தது. கையை இறக்கிவிட்டாள்.

யூனிஸ் கெட்டிலை மேசையில் வைத்தாள். மரிவிக்கின் முழங்கையைத் தொட்டு, "வாம்மா, உள்ள வந்து டீ குடி" என்று அழைத்துக்கொண்டு போனாள். போகும்போது பக்கத்திலிருந்த நாற்காலியைக் காலால் ப்ரோனாவின் பக்கம் தள்ளிவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் பிட்டி கோல் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது.

"காரு வரிசை பாலம் தாண்டிருச்சு. நானே போய்ப் பார்த்துட்டு வந்தேன். எங்க மேரி இப்ப கல்லறைக்குள்ள புரண்டு படுத்திருப்பா."

ப்ரோனா நாற்காலியில் உட்காரவில்லை. அடுத்த கை நீண்டது. அதைப் பிடித்தாள்.